பாண்டோங் கழுத்து மயில்

எம்பிராய்டரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நூல் கோப்பதையும் ஊசி மாற்றுவதையும் சட்டத்தில் துணியை இழுத்துப் பிடிப்பதையும் உங்களுக்குக் காட்டித் தர ஆள் இருக்கிறது. அதற்கு நான் வேண்டாம். யாரை எவ்வளவு நம்பலாம் என்பதைத்தான் நான் சொல்ல வந்திருக்கிறேன். அதை யாரும் காட்டித் தர மாட்டார்கள். எனக்கும் யாரும் காட்டித் தரவில்லை.

நான் தோட்டத்துப் பள்ளியை மூன்றாம் வகுப்போடு விட்டவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. இதை நான் சொல்லச் சொல்ல என் தம்பி மகள் எழுதுகிறாள். ஒவ்வொரு பத்தியையும் திரும்பப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். அவள் முகத்தைச் சுளிக்கிறாள். சுளிக்கட்டும். என் பேரில் போகிற பேச்சு, நான் பேசியதாகவே இருக்க வேண்டும்.

கோலசிலாங்கூர் பழைய டவுனில் முதலாளியம்மாவின் துணிக்கடை. கடைக்குப் பின்னால் உள்ள அறையில் எனக்கு வேலை. பள்ளிச் சின்னம், கோயில் கொடி, பந்து விளையாடும் பையன்களின் சட்டை, கல்யாண ரவிக்கை என்று எல்லாம் அந்த அறையிலிருந்துதான் போகும். தைக்கும் மெஷின் ஒரு பக்கம், அதற்குப் படம் கொடுக்கும் கம்ப்யூட்டர் ஒரு பக்கம். முதலாளியம்மாவின் கணவர் உயிரோடு இருந்தபோது வாங்கிப் போட்ட கம்ப்யூட்டர் அது. வாங்கும்போது வெள்ளை. போகப் போகக் கிழவன் பல்லின் நிறத்துக்கு வந்துவிட்டது.

அதைத் தட்டிவிட்டால் திரையில் இரண்டு வரி வரும். மேல் வரி பழையது, கீழ் வரி புதியது. எனக்கு அதைப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. மேல் எது, கீழ் எது என்று தெரிந்தால் போதும். மேலே அமுக்கினால் கறுப்புத் திரை வரும், அதில் வெள்ளைக் கோட்டில் படம் வரும். எங்கள் தையல் மெஷினுக்குப் புரிகிற பாஷை அதற்கு மட்டும்தான் தெரியும். கீழே அமுக்கினால் கலர் கலராக வேறொரு கம்ப்யூட்டர் மாதிரி திறக்கும். வாடிக்கையாளர்கள் போனில் அனுப்பும் படங்களைப் பார்ப்பதற்கு அது. பழைய புரோகிராம் புதியதில் ஓடாது. புதிய படம் பழையதில் திறக்காது. பழைய படத்தைப் புதியதில் திறந்து பார்க்கலாம், தைக்கத்தான் முடியாது. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் குடிவைத்தது சேகர்.

சேகர் ஜெராமிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் மெக்கானிக். கரையோரத்துக் கடைகளில் இருக்கும் பழைய மெஷின்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். அவர் அந்த ஏற்பாட்டைச் செய்த அன்றே எனக்கு ஒரு விஷயம் பிடிக்கவில்லை. எதையும் அமுக்காமல் விட்டால், கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானாகவே கீழ் வரிக்குப் போய்விடும்.

"ஏன் தம்பி அதுவா போவுது?" என்று கேட்டேன்.

"கவிதா கேட்டாங்கக்கா. புதுசுதான் மொதல்ல வரணுமாம்."

கவிதா முதலாளியம்மாவின் மகள். ஷா ஆலாமில் படித்து முடித்துவிட்டுக் கடைக்கு வந்தவள். என்னைக் கேட்காமல் முடிவெடுக்கிற எதையும் நான் நம்பமாட்டேன். தோட்டத்தில் பிறந்தவளுக்கு அது தானாக வந்துவிடும். அதனால் அன்றிலிருந்து கம்ப்யூட்டரைத் தட்டியதும் வலது கை விரலை மேல் அம்புக்குறி மேலேயே வைத்துக்கொண்டு நிற்பேன். அந்த இரண்டு வரி வந்ததோ இல்லையோ, ஒரே அமுக்கு.

அதே நாளில் சேகரிடம் ஒரு சண்டையும் போட்டேன். என்னுடைய மயிலை அவர் கீழ் வரியில் திறந்து காட்டினார். அது நான் போட்ட மயில். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, கழுத்தைத் திருப்பி, பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்கும். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்து, ஒவ்வொரு புள்ளியாகப் பழைய திரையில் ஏற்றியவள் நான். தஞ்சோங் காராங்கிலிருந்து கல்யாணப் பெண்கள் அந்த மயிலைக் கேட்டு வருவார்கள். வேறு எந்தக் கடையிலும் கிடையாது. மயில் கழுத்து நீலத்தில் கழுத்து, பச்சை இறக்கை, காப்பிக் கொட்டை நிறத்தில் கால். அவர் திறந்து காட்டிய திரையில் அதன் கழுத்து பச்சையாக இருந்தது. என் மயிலைக் கெடுத்துவிட்டாய் என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "மயிலுக்குள்ள கலரே கெடையாதுக்கா," என்றார். "எங்க குத்தணும், எங்க நிறுத்தி நூல மாத்தணும், அவ்ளோதான் டிஸ்க்ல இருக்கு. என்ன கலருங்கறது உங்க தலைக்குள்ளதான் இருக்கு. பழசு வெள்ளக் கோடா காட்டிட்டுப் பேசாம இருக்கும். புதுசுக்குப் பேசாம இருக்கத் தெரியாது. தன்கிட்ட இருக்கற கலர வரிசையா எடுத்துப் பூசிரும். அத நம்பி நூல் கோத்துராதீங்க."

புரிந்தது. ஆனால் இவ்வளவு பதமாகப் பேசுகிற ஆள் மேல் எனக்குச் சந்தேகம் வரும். அதோடு அவர் வரும்போதெல்லாம் சுங்கை செம்பிலாங்கிலிருந்து ஒரு பை லாலா கொண்டுவந்து கொடுப்பார். வேலைக்கு வருவதற்கு முன் வீட்டில் இருந்த காலத்தில் நானே கூடையோடு போய்ச் சேற்றில் பொறுக்கிய சிப்பிதான், விலை எனக்குத் தெரியும். ஓசியில் லாலா கொடுக்கிறவர் பதிலுக்கு எதை எடுத்துப் போகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அவர் வேலை செய்யும்போது அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்பேன்.

தீபாவளி வந்தது. கூட்டம். கவிதா கீழ் வரியில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களுக்குப் படம் காட்டுவாள். அந்தப் புதிய கம்ப்யூட்டரின் கலர் வரிசை மங்கலாக இருக்கிறது என்று சொல்லி, தாயும் மகளும் ஒரு மத்தியானம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதை மாற்றினார்கள். முதல் நிறமாகப் பாண்டோங் தண்ணீரின் நிறத்தை, அதுதான் ரோஸ் சிராப்பில் பால் ஊற்றினால் வருமே, அந்த இளஞ்சிவப்பை வைக்கச் சொன்னது முதலாளியம்மா. அவர் சேலையும் பெரும்பாலும் அந்த நிறத்தில்தான் இருக்கும். அடுத்து மாம்பழ மஞ்சள், அதற்கடுத்து ஊதா. அதன் பிறகு என் மயிலைக் கீழே திறந்தால் பாண்டோங் கழுத்து, மாம்பழ இறக்கை, ஊதாக் கால். மாற்று என்றேன். சும்மா காட்டத்தானே ஆன்ட்டி, தைப்பது மேலேதானே என்று கவிதா சிரித்தாள். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

பிறகு மழைக்காலம். டிசைன்களைப் போட்டு வைத்திருக்கும் பழைய டிஸ்க்குகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. சேகர் வந்து பார்த்துவிட்டு, இங்கே வைத்துத் துடைத்தால் காயாது, வீட்டில் துடைத்துத் தருகிறேன் என்று டிஸ்க் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. நான் கடை வாசலில் நின்று அந்தப் பெட்டி பாலத்தைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் மயில் அதற்குள் இருந்தது. சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் சுத்தமாக இருந்தன. அவ்வளவு சுத்தமாக இருந்ததும் எனக்கு உறுத்தியது.

அதற்கப்புறம்தான் முதலாளியம்மா புக்கிட் பெருந்துங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் கொதித்துப்போய் வந்தார். கல்யாணப் பெண்ணுடைய தங்கச்சிமார் எல்லாரும் என் மயிலைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்களாம். போனில் எடுத்த படத்தையும் காட்டினார். அங்கேயே உள்ள ஒரு புதுக் கடையில் தைத்ததாம். யார் கைக்கு நம் டிஸ்க் போனது என்று என்னைக் கேட்டார். நான் பார்த்ததைச் சொன்னேன். பெட்டி ஒரு தரம் சேகர் வீட்டுக்குப் போனது என்றேன்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள், பிள்ளைகளே. நான் சொன்னது, பெட்டி போனது என்பது மட்டும். அவர் காதில் விழுந்தது, சேகர் திருடினார் என்பது. என் வாயிலிருந்து அவர் காதுக்குப் போவதற்குள் சேகர் திருடனாகிவிட்டார். முதலாளியம்மா கோபத்திலும் திட்டம் போடத் தெரிந்தவர். மெஷின் ரோசாக், கெட்டுப்போச்சு என்று பொய் சொல்லி அவரை வரவழை, முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, ஜெராமிலிருந்து சிக்கிஞ்சான் வரைக்கும் உள்ள எல்லாக் கடைகளுக்கும் போன் போட்டு இவனை உள்ளே விடாதே என்று சொல்லப்போகிறேன் என்றார். அந்தக் கடைகளை விட்டால் சேகருக்கு வேறு பிழைப்பு கிடையாது. பழைய மெஷின் வைத்திருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். ஒரு கடை கதவைச் சாத்தினால் எல்லாக் கடையும் சாத்தும். அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள்.

மறுநாள் காலை சேகர் வந்தார். கையில் லாலா பை.

அறையில் முதலாளியம்மா, கவிதா, நான், அவர். முதலாளியம்மா கல்யாண வீட்டில் எடுத்த படத்தைப் போனில் திறந்து மேசையில் வைத்தார். சேகர் குனிந்து பார்த்துச் சிரித்தார். "அட, அக்கா மயிலு," என்றார். பிறகுதான் எங்கள் முகங்களைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

டிஸ்க் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனீர்களா என்று முதலாளியம்மா கேட்டார்.

"கொண்டுபோனேன். தொடச்சேன். கொண்டாந்து குடுத்தேன். எங்க வீட்லயும் கம்ப்யூட்டர் இருக்கும்மா. எடுக்கணும்னா எடுத்திருக்கலாம். எடுக்கல."

உண்மையானவர் இப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தோன்றியது. கெட்டிக்காரத் திருடனும் இப்படித்தான் சொல்வான் என்றும் தோன்றியது. வாய்ப்பேச்சை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. கவிதா சுவரோரம் நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளியம்மா போனைக் கையில் எடுத்து ஜெராம் கடைக்காரரின் நம்பரைத் தேடிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கக்கா. இந்த ரூம்ல எப்பவும் இருக்கறது நீங்கதான். இவர்தானே?"

ஆமாம் என்றால் அந்த ஆள் அன்றோடு முடிந்தார். இல்லை என்றால், பின்னே யார் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கம்ப்யூட்டரிலும் டிஸ்க்கிலும் கை வைக்கிறவர்கள் நாங்கள் நான்கு பேர்தான். இந்த மாதிரி நேரத்தில் எல்லாரும் உங்கள் வாயைப் பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கிற வேகத்துக்கு நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. நான் போனைக் கொடுங்கள், படத்தை இன்னொரு தரம் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். உண்மையைச் சொன்னால், நேரம் வாங்கத்தான்.

முந்தின நாளும் அந்தப் படத்தைப் பார்த்தேன். தூக்கிய காலைப் பார்த்தேன், திரும்பிய கழுத்தைப் பார்த்தேன், என் மயில் என்று பொருமினேன். என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். பாண்டோங் கழுத்து. மாம்பழ இறக்கை. ஊதாக் கால். கழுத்தின் நிறத்தை யாராவது ஆசைப்பட்டு மாற்றியிருக்கலாம். ஊதாக் கால் உள்ள மயிலை எந்தக் கிறுக்கரும் தானாக யோசித்துத் தைக்க மாட்டார்.

பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"இருங்க, மொதல்ல கம்ப்யூட்டர தொறக்கறேன்," என்று போய்த் தட்டிவிட்டேன். அது எழுந்து வர எப்போதும் நேரம் பிடிக்கும். அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது. இரண்டு வரி வந்தது. என் விரல் பழக்கத்தில் மேல் அம்புக்குறிக்குப் போனது. இழுத்துக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்தேன்.

"ஆன்ட்டி, மேல அமுக்கலையா?" என்றாள் கவிதா. குரல் சுவரோரத்திலிருந்து வரவில்லை, என் காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"இல்லம்மா. இன்னைக்கு அதுவே போகட்டும்."

அது காத்திருந்து பார்த்தது. பிறகு தன் இஷ்டப்படி கீழ் வரிக்குப் போனது. நான் மயிலைத் திறந்தேன். பாண்டோங் கழுத்து, மாம்பழ இறக்கை, ஊதாக் கால். திரைக்குப் பக்கத்தில் முதலாளியம்மாவின் போனைச் சாய்த்து வைத்தேன். இரண்டு மயிலும் ஒரே மாதிரி பின்னால் திரும்பிப் பார்த்தன.

சேகரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "டிஸ்க்ல கலர் இருக்கா தம்பி?"

"இல்லக்கா."

அதோடு நிறுத்திக்கொண்டேன். டிஸ்க்கைத் திருடி வேறு கம்ப்யூட்டரில் போட்டிருந்தால் அந்தக் கம்ப்யூட்டர் தன் கலரைப் பூசியிருக்கும். இந்த வரிசை இந்த ஒரு திரையில் மட்டும்தான் உண்டு. இந்தத் திரையைப் படம் பிடித்து, மயிலோடு சேர்த்து அனுப்பியவர் யாரோ, அதைப் பார்த்துத்தான் புக்கிட் பெருந்துங்கில் நூல் கோத்திருக்கிறார்கள். இதையெல்லாம் நான் அங்கே சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பாண்டோங்கை முதலில் வை என்று தன் வாயால் சொன்னவர் முதலாளியம்மா.

அவர் திரையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். மகள் பக்கம் மட்டும் திரும்பவில்லை. சேகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன், மூடிக்கொண்டார். வெளியே செம்பனைப் பழ லோரி ஒன்று போனது, கண்ணாடி அலமாரி நடுங்கியது. அது நின்ற பிறகு முதலாளியம்மா போனை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"வந்தது வந்தீங்க, மெஷினுக்கு எண்ணெய் போட்டுட்டுப் போங்க தம்பி," என்றார். முன்கடைக்குப் போய்விட்டார். மன்னிப்பு என்று அவர் கேட்டது அவ்வளவுதான். அவரிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிய விஷயம்.

மத்தியானம் கவிதா எனக்கு ஒரு கிளாஸ் தே தாரிக், நுரைக்க ஆற்றிய டீ, வாங்கி வந்து வைத்தாள். வழக்கமில்லாதது, அதனால் உடனே குடிக்கவில்லை.

"நீங்க வேணும்னுதான அமுக்கல?"

"ஆமா."

கூடப் படித்த தோழி புதிதாகக் கடை வைத்தாளாம். ஏதாவது டிசைன் இருந்தால் அனுப்பு என்று கேட்டாளாம். எல்லாரும் எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்கிற காலம்தானே, இதற்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார் என்றே நினைக்கவில்லை என்றாள். சேகர் மாட்டிக்கொண்டபோது சொல்ல நினைத்தாளாம், வாய் வரவில்லையாம். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீரையும் நான் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

"அவகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிரு," என்றேன். "கழுத்து நீலம். கால் காப்பிக் கலரு. என் மயில திருடுனா ஒழுங்கா திருடணும்லா."

அந்தத் தோழி மாற்றிக்கொண்டாளா என்று தெரியாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அடுத்த கல்யாண மாதத்தில் வந்த பெண்கள் போனைத் திறந்து, ஆன்ட்டி, இந்த ரோஸ் கழுத்து மயில்தான் வேண்டும் என்றார்கள். ஊதாக் காலோடு. நானும் தைத்துக் கொடுத்தேன். பாண்டோங் நூலை நானே கோத்தேன்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, யாரையும் சந்தேகப்படாதே என்பது அல்ல. அப்படிச் சொல்ல வந்தால் அது நானாக இருக்க மாட்டேன். சந்தேகப்படுங்கள். மெஷினைச் சந்தேகப்படுங்கள், மெக்கானிக்கைச் சந்தேகப்படுங்கள், முதலாளி மகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு பொருளைப் பாருங்கள், ஆளைப் பார்க்காதீர்கள். ஆளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் லாலா பைதான் கண்ணுக்குத் தெரியும். மயிலின் கால் தெரியாது. நீங்கள் பார்த்தது எதுவோ அதை மட்டும் சொல்லிவிட்டு, கேட்கிறவர் அதற்கு மேல் எதைக் கட்டுகிறார் என்று கவனியுங்கள். பெயர் சொல்லாமல் தீர்க்க முடிந்தால் பெயர் சொல்லாதீர்கள். சொன்ன பெயரைத் திரும்ப வாங்க முடியாது.

கம்ப்யூட்டர் தட்டியதும் தானாக எங்கே போகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்கு அதைத் தடுக்க வேண்டும், என்றைக்கு விட்டுவிட வேண்டும் என்பது உங்கள் கையில்.

அடுத்த தரம் சேகர் வந்தபோது மறுபடியும் லாலா கொண்டுவந்தார். எனக்கு நெஞ்சில் ஒன்று நின்றுகொண்டிருந்தது, கேட்டுவிட்டேன். என் மேல் கோபமா தம்பி, பெட்டி உங்கள் வீட்டுக்குப் போனதைச் சொன்னவள் நான்தான் என்றேன்.

"கோவம்லாம் இல்லக்கா. அன்னைக்கு அந்தப் படத்தப் பாத்த ஒடனே, வேலைய நீங்கதான் பண்ணிட்டு என்னை மாட்டிவிடறீங்கன்னு நெனச்சேன்." கருவிப் பையைத் திறந்துகொண்டே சொன்னார். "இந்த ரூம விட்டு நகராத ஆள் நீங்க ஒருத்தர்தானே. மயிலும் உங்களோடது."

என்னை ஒருவர் சந்தேகப்படுவார் என்று என் ஆயுசுக்கும் எனக்குத் தோன்றியதில்லை.

"இப்ப?" என்றேன்.

அவர் யோசித்தார். "இப்பவும் கொஞ்சம் இருக்குக்கா."

"இருக்கட்டும்," என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எப்போதும் போல அவருக்குப் பின்னால் போய் நின்றேன். இரண்டு வரி வந்தது. எது வேண்டும் என்று அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மேலே என்று நான் தலையசைத்த பிறகுதான் அமுக்கினார்.